தளி பக்கம் பழைய வீட்டு ஷெட் ஷட்டர்: முழுசா மாத்தணுமா, தேய்ஞ்ச பாகத்தை மட்டும் மாத்தினா போதுமா?

தளி_கல்வீடு:

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்துல தளிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவுல ஒரு கிராமம் எங்களுது. தாத்தா கட்டின கல்வீடு, பக்கத்துலயே கல்தூண் நட்டு ஒரு ஷெட். முதல்ல அதுல மாட்டுவண்டி நின்னுச்சு. அப்பா அம்பாசடர் வாங்கினப்போ முன்பக்கத்துக்கு இரும்பு ரோலிங் ஷட்டர் போட்டாரு. 9 அடி அகலம், 8 அடி உயரம். சங்கிலி கிடையாது, கையால தூக்கி இறக்கறதுதான். அப்பா இப்ப இல்ல. ஷட்டர் மட்டும் அப்படியே இருக்கு.

ஐப்பசி கடைசியில இருந்து மாசி வரைக்கும் காலையில அதைத் தூக்கறது பெரிய பாடா இருக்கு. எங்க பக்கம் குளிர் எப்படின்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், எட்டு மணி வரைக்கும் பனி விலகாது. அந்த நேரத்துல பாதி தூக்கினா நிக்க மாட்டேங்குது, கையை விட்டா தடதடன்னு இறங்குது. ஏறும்போது இடது பக்கம் தாழ்ந்து கோணலா ஏறுது. மேல பெட்டிக்குள்ள கரகரன்னு ஒரு சத்தம். ஷட்டரோட கடைசி தகட்டுப் பட்டை, அதாவது கீழ் பட்டை, துருப்பிடிச்சு ஓட்டை விழுந்து, அந்த வழியா எலி வருது. எலி பின்னாடியே ஒரு நாள் சாரைப்பாம்பும் வந்துச்சு.

நான் வெளியூர் வேலையில இருந்தா அம்மாதான் தூக்கணும், 60 வயசைத் தாண்டிட்டாங்க. அதான் இனி தள்ளிப்போட முடியல.

ரெண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருத்தர், "குளிர்ல இரும்பு சுருங்கிடுச்சு, இது இனி ஆகாது, புதுசு போட்டுடுங்க, பழசை நாங்களே எடுத்துக்கறோம்"னாரு. இன்னொருத்தர் ஸ்பிரிங் மட்டும் போச்சுன்னாரு. யார் சொல்றது சரி? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பழையபேட்டை_பட்டறை:

தம்பி, முதல்ல ஒண்ணு. அந்தப் பழைய ஷட்டரை யாருக்கும் எடைக்குப் போட்டுடாதீங்க. நான் கிருஷ்ணகிரியில ஷட்டர் பட்டறை வச்சிருக்கேன், 2004-ல தருமபுரியில இருந்து மாவட்டம் பிரியறதுக்கு முன்னாடி இருந்தே இதே தொழில். அம்பாசடர் காலத்துல போட்ட ஷட்டர்ல பெரும்பாலும் 18 கேஜ் தகடுதான் இருக்கும். தடிமன் அளக்கற வெர்னியர் ஒண்ணு கிடைச்சா பட்டையோட ஓரத்துல வச்சுப் பாருங்க, பெயின்ட் சுரண்டிட்டு. 1.2 மில்லிமீட்டர் கிட்ட காட்டினா அது 18 கேஜ். 0.9 காட்டினா 20. கேஜ்ல நம்பர் ஏற ஏற தகடு மெலிசாகும், இது பல பேருக்குத் தலைகீழா மனசுல பதிஞ்சிருக்கு. புதுசு போடச் சொல்றவர்கிட்ட "எந்த கேஜ்"னு ஒரு வார்த்தை கேளுங்க. 20, 22-ன்னு பதில் வந்தா, நல்ல தகட்டைக் கொடுத்துட்டு மெலிசானதை நீங்க காசு கொடுத்து வாங்கறதா அர்த்தம்.

அடுத்தது, குளிர்ல சுருங்குதுங்கற பேச்சு. இரும்பு சுருங்கறது உண்மை. ஆனா எவ்வளவு? உங்க பட்டை 9 அடி, அதாவது சுமார் 2.7 மீட்டர். மதியத்துக்கும் விடியக்காலைக்கும் 20 டிகிரி வித்தியாசம்னே வச்சுக்கோங்க, அதுல ஒரு மில்லிமீட்டர் கூட சுருங்காது. ரெண்டு பக்கமும் பட்டை ஏறி இறங்கற இரும்புக் காடி, அதாவது கைடு சேனலுக்குள்ள பட்டை ஒரு அங்குலத்துக்கும் மேல உள்ள போயிருக்கும். ஒரு மில்லிமீட்டர் அதை ஒண்ணும் பண்ணாது. அதுவுமில்லாம சுருங்கினா லூஸாகணுமே தவிர இறுகக் கூடாது.

குளிர் வேற விதத்துல வேலை செய்யுது. உங்க ஊரு பனி ராத்திரி முழுக்க இரும்பு மேல தண்ணியா இறங்குது. சேனலுக்குள்ள, பட்டையோட சுருட்டு மடிப்புக்குள்ள எல்லாம் அந்த ஈரம் நிக்குது. அது முழுசா காயறதுக்குள்ள மறுபடியும் பனி. துரு அங்கேதான் பிடிக்கும், கண்ணுக்குத் தெரியற முன்பக்கத்துல இல்ல. ரெண்டாவது கிரீஸ். வருஷக்கணக்கா யாரும் கழுவாம மேல மேல பூசின கிரீஸ் தார் மாதிரி ஆயிருக்கும். நம்ம மாவட்டத்துல கிரானைட் தூசு இல்லாத காத்து எங்க இருக்கு? அந்தத் தூசும் கிரீஸும் கலந்தா சாணை பிடிக்கிற பசைதான், சேனலைத் தேய்ச்சுத் தின்னுடும். வெயில்ல அது கொஞ்சம் இளகும், விடியக்காலையில கெட்டியாயிடும். மதியம் ரெண்டு மணிக்கு ஒரு தரம் தூக்கிப் பாருங்க. காலையை விட நல்லா லேசா இருந்தா பாதிப் பிரச்சனை கிரீஸ்லயும் ஈரத்துலயும் இருக்கு.

மீதி ஸ்பிரிங். இதை விவரமா சொல்றேன், ஏன்னா இங்கதான் ஜனங்க ஏமாறறாங்க, இங்கதான் கையும் போகுது. மேல பெட்டிக்குள்ள ஒரு பைப் இருக்கு. அது சுத்தாது, ரெண்டு பக்கமும் பிராக்கெட்டுல இறுக்கி வச்சிருக்கும். அந்தப் பைப்பைச் சுத்தி ஸ்பிரிங் உருளைங்க. ஸ்பிரிங்கோட ஒரு முனை பைப்புல, இன்னொரு முனை உருளையில. ஷட்டரை இறக்கும்போது உருளை சுத்தி ஸ்பிரிங் முறுக்கேறும். தூக்கும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து உங்களுக்குக் கை கொடுக்கும். உங்க ஷட்டர் 72 சதுர அடி, அதாவது 6.7 சதுர மீட்டர். 18 கேஜ் தகடு மட்டுமே சதுர மீட்டருக்கு 9 கிலோவுக்கு மேல. சுருட்டு, மடிப்பு, கீழ் பட்டை எல்லாம் சேர்க்காமலே 60 கிலோ ஆச்சு. உங்க அம்மா இத்தனை வருஷமா தூக்கினது இந்த 60 கிலோவை இல்ல, ஸ்பிரிங் தூக்குச்சு, அவங்க தொட்டு விட்டாங்க, அவ்வளவுதான்.

இப்ப பாதியில விட்டா இறங்குதுன்னா ஸ்பிரிங் தளர்ந்திருக்கு, இல்ல ஒண்ணு உடைஞ்சிருக்கு. தளர்ந்ததுன்னா பைப்பை ரெஞ்சு போட்டு அரை சுத்து, ஒரு சுத்து திருப்பி மறுபடி இறுக்கினா போதும். உடைஞ்சதுன்னா மாத்தணும். எதுன்னு தெரிய, ஷட்டரை முழுசா மேல ஏத்தி கீழ ஒரு கட்டையால முட்டுக் கொடுத்துட்டு, ஏணியில ஏறி மேல் கவரைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க. பார்க்க மட்டும் செய்ங்க. பிராக்கெட்டுல இருக்கற போல்ட்டைத் தொடாதீங்க தம்பி. மேல ஏத்தின நிலையிலயும் ஸ்பிரிங்குல முறுக்கு மிச்சம் இருக்கும். போல்ட்டை இளக்கின அந்த நொடியே பைப் சுத்தும், கையில இருக்கற ரெஞ்சோட சேர்த்துச் சுத்தும். தாடை உடைஞ்சவங்களை நான் பார்த்திருக்கேன். தொழில் தெரிஞ்ச ரெண்டு ஆள் சேர்ந்து செய்யற வேலை அது. ஒருத்தர் ரெஞ்சைப் பிடிக்க, ஒருத்தர் இளக்கணும்.

கோணலா ஏறுதுன்னீங்களே, அதுக்கு மூணு காரணம் இருக்கலாம். இடது உருளை ஸ்பிரிங் உடைஞ்சிருக்கலாம். பட்டை நுனியில இருக்கற லாக் கிளிப் உதிர்ந்து பட்டைங்க ஒரு பக்கமா நகர்ந்திருக்கலாம். இல்லேன்னா பைப்பே மட்டம் போயிருக்கலாம். கல்தூண் வச்ச ஷெட்டுன்னு சொன்னதால மூணாவதுல எனக்குக் கண்ணு இருக்கு. கல்லுல துளை போட்டு ஈயமோ சிமென்டோ வச்சு பிராக்கெட்டைப் பிடிச்சிருப்பாங்க, வருஷம் ஆக ஆக அது ஆட்டம் கொடுக்கும். பைப் மேல ரசமட்டம் வச்சுப் பாருங்க.

கீழ் பட்டைக்குக் கவலையே வேண்டாம். பட்டைங்க ஒண்ணோட ஒண்ணு கொக்கி மாதிரி கோத்திருக்கு. பக்கவாட்டுல இழுத்தா தனித்தனியா வெளிய வரும். கெட்ட ரெண்டு மூணை உருவிட்டு அதே அளவு புதுப் பட்டையைச் சொருகலாம். அதுக்காக 9 அடி ஷட்டரை ஏன் தூக்கிப் போடணும்?

விலை இங்க எழுதல, இரும்பு ரேட் நிலையா இல்ல. ஆனா யார்கிட்ட கொடுத்தாலும் ஸ்பிரிங் எத்தனை, பட்டை எத்தனை, கூலி எவ்வளவுன்னு பிரிச்சு எழுதி வாங்குங்க.

---

பாலக்கோடு_டூ_வின்னிபெக்:

பட்டறை அண்ணன் எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பாலக்கோட்டுக்காரன், இப்போது கனடாவில் வின்னிபெக்கில் இருக்கிறேன். இங்கே நாங்கள் வாங்கிய வீடு பழையது, கராஜ் கதவும் பழையது. ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி இங்கே சாதாரணம். அண்ணன் போட்ட கணக்கை நான் இங்கே போட்டால், 16 அடி அகலக் கதவு கோடையின் 30-இல் இருந்து மைனஸ் 30-க்கு இறங்கும்போது மூன்றரை மில்லிமீட்டர் சுருங்குகிறது. இங்கேயே கதவு சிக்குவதற்கு அதை யாரும் முதல் காரணமாகச் சொல்வதில்லை.

இங்கே கதவு சுருளாது. நான்கைந்து பலகைகள் கீல் போட்டு இணைந்திருக்கும், சின்னச் சக்கரங்கள் தண்டவாளத்தில் ஓடி, கதவு கூரையை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். ஆனால் பாரத்தைத் தூக்குவது அங்கே போலவே ஸ்பிரிங்தான். கதவுக்கு மேலே ஒரு தண்டில் முறுக்கி வைத்திருப்பார்கள். சாதாரண ஸ்பிரிங்குக்கு ஆயுள் சுமார் 10,000 தடவை ஏறி இறங்குவது என்று கணக்கு. ஒரு நாளைக்கு நான்கு தடவை என்றால் ஏழு வருடம் கூட வராது. களைத்துப்போன ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் கடுங்குளிர்க் காலையில்தான், கம்பி குளிரில் விறைத்திருக்கும்போது. துப்பாக்கி வெடித்தது போல் சத்தம் கேட்கும், வீட்டுக்குள் எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

இரண்டு ஸ்பிரிங் இருந்து ஒன்று உடைந்தால் இரண்டையும் மாற்றுவதுதான் இங்கே வழக்கம். இரண்டும் ஒரே எண்ணிக்கையில் உழைத்தவை, மற்றது பின்னாலேயே போகும். பழையதற்குச் சரியான ஸ்பிரிங் வாங்க கம்பியின் தடிமன், உள்விட்டம், நீளம், இடப்பக்கச் சுற்றா வலப்பக்கச் சுற்றா என்ற நான்கும் வேண்டும். தடிமனை ஒரு கம்பியை வைத்து அளக்காமல், பத்து சுற்றுகளை ஒட்டி வைத்து அளந்து பத்தால் வகுத்தால் பிழை வராது. இது அங்கேயும் உதவும்.

எண்ணெய் விஷயம்: டபிள்யூடி-40 நீலப் புட்டியை இங்கேயும் எல்லோரும் அடிக்கிறார்கள். துருவை இளக்கவும் கழுவவும் அது நல்லது, மசகாக நிலைக்காது. குளிருக்கு சிலிக்கான் ஸ்பிரே பயன்படுத்துகிறோம், அது கெட்டியாவதில்லை. கதவின் அடியில் இருக்கும் ரப்பர் பட்டையும் முக்கியம். வினைல் பட்டை குளிரில் கட்டை போல் ஆகி வெடிக்கும், ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வளைந்து கொடுக்கும். ஈரத்தோடு தரையில் உறைந்து ஒட்டிக்கொண்டால் மோட்டாரை அழுத்தக் கூடாது, பட்டை கிழியும். தளியில் உறைபனிப் பிரச்சனை இருக்காது, ஆனால் எலிக்கும் பாம்புக்கும் அந்த அடி ரப்பர் நல்ல தடுப்பு. புதுக் கீழ் பட்டை போடும்போதே அதையும் போல்ட் போட்டு வைத்துவிடுங்கள்.

---

ஓசூர்_கலா:

நடுவுல கேக்கறேன், மன்னிக்கணும். எங்களுக்கும் இதே கதைதான், ஓசூர்ல பழைய வீடு, கீழ கடை மாதிரி ஷட்டர் வச்ச ஷெட். மாமனார் தூக்கும்போது இடுப்பு பிடிச்சுக்கிச்சு. மோட்டார் போட்டுட்டா ஒரு பட்டன்ல முடிஞ்சுடும்னு சொல்றாங்க. பட்டறை அண்ணா, மோட்டார் போட்டா ஸ்பிரிங் மாத்த வேண்டாம்தானே? இன்னொண்ணு, கரண்ட் போனா என்ன பண்றது?

---

பழையபேட்டை_பட்டறை:

கலாம்மா, ஸ்பிரிங் வச்ச ஷட்டருக்குப் பக்கத்துல மாட்டற சின்ன மோட்டாரா இருந்தா ஸ்பிரிங் நல்லா இருந்தே ஆகணும். மோட்டார் பாரம் தூக்கறதுக்கு இல்ல, மனுஷக் கை செய்யற மிச்ச வேலைக்கு மட்டும்தான். செத்துப்போன ஸ்பிரிங்கோட மோட்டாரை மாட்டினா கொஞ்ச நாள்ல காயில் கருகும், கருகினதுக்கு மோட்டார் கம்பெனியைத் திட்டுவாங்க. ஸ்பிரிங்கே இல்லாம பைப்போட சேர்த்துச் சுத்தற பெரிய மோட்டார் வேற ரகம், அது கடை, கம்பெனி ஷட்டருக்கு. வீட்டுக்கு அவ்வளவு தேவையில்ல.

மோட்டார் போடறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. ஷட்டரைக் கையாலயே பாதி தூக்கி விடுங்க. அங்கேயே நின்னா, இல்ல மெதுவா ஒரு சாண் நகர்ந்து நின்னா, மோட்டார் போடலாம். விழுந்தா முதல்ல ஸ்பிரிங் வேலை. சரியா நின்னா, மாமனாருக்கு மோட்டாரே தேவைப்படாமலும் போகலாம், அதையும் யோசிச்சுக்கோங்க. கரண்ட் போனா கையால இறக்க ஏத்த சங்கிலியோ கைப்பிடியோ உள்ள மோட்டாராக் கேட்டு வாங்குங்க, அது இல்லாததை வாங்கவே வாங்காதீங்க. குழந்தைங்க இருக்கற வீடுன்னா ரிமோட்டை உயரத்துல வைங்க.

கையால தூக்கறதுக்குப் பதில் சங்கிலி-கியர் வேணும்னாலும் போடலாம். அரசாங்கக் கட்டட வேலையில 10 சதுர மீட்டரைத் தாண்டின ஷட்டருக்குத்தான் அதைச் சேர்ப்பாங்க. வீட்டு அளவுக்கு நல்ல ஸ்பிரிங்கே போதும்.

வின்னிபெக் தம்பி சொன்ன பத்து சுற்று அளவு அருமை. நம்ம கடைங்கள்ல பழைய துண்டைக் காட்டித்தான் வாங்கறோம். துண்டு நசுங்கியிருந்தா அந்த அளவு கைகொடுக்கும்.

---

தளி_கல்வீடு:

அண்ணா, நீங்க சொன்னபடியே ஞாயித்துக்கிழமை பார்த்துட்டேன். தகடு வெர்னியர்ல 1.2 காட்டுச்சு. மதியம் தூக்கினப்போ காலையை விட லேசா இருந்துச்சு, ஆனாலும் பாதியில நிக்கல. ரசமட்டம் வச்சேன், பைப் நேரா இருக்கு, பிராக்கெட் கல்லுல கெட்டியாப் பிடிச்சிருக்கு, ஆட்டமே இல்ல.

மேல் கவரைக் கழட்டிப் பார்த்தேன். மொத்தம் மூணு உருளை. நடுவுலயும் வலதுலயும் ஷட்டரை அசைச்சா இறுக்கமா இருக்கு. இடது உருளைக்குள்ள ஸ்பிரிங் ரெண்டு துண்டா தெரியுது, அசைச்சா உள்ள கலகலன்னு ஆடுது. கரகர சத்தம் நடு உருளையில இருந்து வருது. சேனலுக்குள்ள குச்சி விட்டுச் சுரண்டினேன், கறுப்பா அல்வா மாதிரி வந்துச்சு. பட்டை நுனி கிளிப் இடது பக்கம் நாலு இல்ல. போல்ட் எதையும் தொடல.

ஸ்பிரிங் மட்டும் போச்சுன்னு சொன்னவர் மறுபடி போன் பண்ணி, ஒரு ஸ்பிரிங் மட்டும் மாத்திக் கொடுக்கறேன், ஒரு மணி நேர வேலைங்கறாரு. விடலாமா?

---

பழையபேட்டை_பட்டறை:

நல்லாப் பார்த்திருக்கீங்க தம்பி, இதுக்கு மேல நான் நேர்ல வந்தாலும் இதைத்தான் பார்த்திருப்பேன்.

ஒண்ணு மட்டும் மாத்த விடாதீங்க. மூணுல ஒண்ணு உடைஞ்சு எவ்வளவு காலம் ஆச்சோ தெரியாது. அது உடைஞ்சதுல இருந்து மத்த ரெண்டும் மூணு பேர் பாரத்தைச் சுமந்துட்டு இருக்கு. புதுசு ஒண்ணைப் போட்டா இடது பக்கம் வேகமா இழுக்கும், இப்ப இடதுல தாழ்றது நாளைக்கு வலதுல தாழும். மூணையும் ஒரே தரமா, ஒரே நீளமா போடணும். கரகரங்கறது, உருளை பைப் மேல சுத்தறதுக்கு உள்ள வச்சிருக்கற பேரிங்தான். உருளையைக் கழட்டாம பேரிங்கைத் தொட முடியாது, அதனால ஸ்பிரிங்குக்குத் திறக்கற அன்னைக்கே பேரிங்கும் மாத்திடணும். தனியா பின்னாடி மாத்தப் போனா அதே கூலி இன்னொரு தரம். பேரிங் மேலயே நம்பர் பொறிச்சிருக்கும். துருவுல அழிஞ்சிருந்தா உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூணையும் அளந்து வாங்கிக்கலாம். ரெண்டு பக்கமும் மூடின ரகமாக் கேளுங்க, உங்க ஊரு ஈரத்துக்குத் திறந்த பேரிங் தாங்காது.

ஆள் வர்றதுக்கு முன்னாடி நீங்களே செய்யக்கூடிய வேலை சேனல். மண்ணெண்ணெய் கிடைச்சா மண்ணெண்ணெய், இல்லேன்னா டீசல், கம்பி பிரஷ். மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டு சேனலையும் உள்பக்கம் இரும்பு தெரியற அளவுக்குத் தேய்ங்க. துணியால துடைச்சு ஒரு நாள் வெயில்ல காய விடுங்க. அதுக்கப்புறம் சேனல்ல கிரீஸ் வேண்டவே வேண்டாம், வண்டியில வடிச்ச பழைய ஆயில் அதை விட வேண்டாம். வெள்ளை மெழுகுவத்தியை எடுத்து உள் ஓரத்துல அழுத்தித் தேய்ச்சு விடுங்க, தூசு ஒட்டாது. வின்னிபெக் தம்பி சொன்ன சிலிக்கான் ஸ்பிரே ஓசூர்ல கார் சாமான் கடையில கிடைக்கும், அதுவும் சரி. கிரீஸ் பேரிங்குக்கும் ஸ்பிரிங்குக்கும் மட்டும்.

கீழ் பட்டையோட வாசல் தரையையும் பாருங்க. ஷட்டர் உக்கார்ற இடத்துல தண்ணி தேங்கினா எத்தனை பட்டை போட்டாலும் துருதான். வெளிப்பக்கமா அரை அங்குலம் சரிவு கொடுத்து சிமென்ட் பூசிடுங்க. காலையில அம்மா வாசல் தெளிக்கற தண்ணி அங்க நிக்காம ஓடணும். புதுப் பட்டைக்கு துருத் தடுக்கற ரெட் ஆக்ஸைடு பெயின்ட் ரெண்டு கோட்டு, சொருகறதுக்கு முன்னாடியே, மடிப்புக்குள்ளயும் போற மாதிரி. சொருகின பிறகு அடிச்சா மடிப்புக்குள்ள போகாது, துரு பிடிக்கறது அங்கதான்.

உதிர்ந்த நாலு கிளிப் பக்கத்துல இருக்கற பட்டைங்களை ரப்பர் சுத்தியால தட்டி நேர் பண்ணிட்டு, புது கிளிப் வச்சு ரிவிட் அடிக்கச் சொல்லுங்க. வேலை முடிஞ்சதும் ஆளை அனுப்பிடாதீங்க. முழங்கால் உயரம், இடுப்பு உயரம், தலை உயரம் மூணு இடத்துல நிறுத்திப் பாருங்க, மூணுலயும் நிக்கணும். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு அவங்க கையால தூக்கச் சொல்லுங்க. அவங்க "சரி"ன்னா காசு கொடுங்க.

உடைஞ்ச ஸ்பிரிங் துண்டு ரெண்டையும் எடுத்து வைக்கச் சொல்லுங்க, அதை வச்சுத்தான் சரியான கம்பி பிடிக்க முடியும்.

---

தளி_கல்வீடு:

ரொம்ப நன்றிண்ணா. அவர்கிட்ட மூணு ஸ்பிரிங், மூணு உருளைக்கும் பேரிங், நாலு கிளிப், கீழ மூணு பட்டைன்னு எழுதிக் கேட்டேன். பேரிங் எல்லாம் தேவையில்லன்னு சொல்லிப் பார்த்தாரு, வேணும்னேன். புது ஷட்டர் தொகையில பாதி கூட வரல. சேனலை நாளைக்கு நானே கழுவறேன். கலாக்கா, உங்க ஷட்டரை இடுப்பு உயரத்துல விட்டுப் பார்த்தீங்களா?

---

ஓசூர்_கலா:

பார்த்தோம் தம்பி. விழுந்துடுச்சு. மோட்டார்காரருக்கு இப்ப வேண்டாம்னு சொல்லியாச்சு, முதல்ல ஸ்பிரிங். பட்டறை அண்ணா, ஓசூர் வரைக்கும் வருவீங்களா?

---

பழையபேட்டை_பட்டறை:

வருவேன்மா. அகலம், உயரம், மேல எத்தனை உருளை இருக்குன்னு மட்டும் பார்த்துத் தனிச் செய்தியில அனுப்புங்க, ஸ்பிரிங் கையோட எடுத்துட்டு வந்துடறேன். கவரைக் கழட்டும்போது மாமனாரை ஏணியில ஏற விடாதீங்க.